அறுபதில் எதை எடுப்பது? போக்கிமான் டெக்கைப் போட்டிக்குத் தேற்றும் வழி

போட்டிக்குப் போகும் போக்கிமான் டெக்கில் சரியாக 60 கார்டு இருக்க வேண்டும். 59 இருந்தாலும் செல்லாது, 61 இருந்தாலும் செல்லாது. ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. மேஜிக், யுகியோ போன்ற கார்டு ஆட்டங்களை ஆடுபவர்கள் ஒரு கேமுக்கும் அடுத்த கேமுக்கும் இடையே மாற்றிக்கொள்ள 15 கார்டு வரை தனியாக வைத்துக்கொள்ளலாம். போக்கிமானில் அந்த வசதி கிடையாது. காலையில் எழுதிக் கொடுத்த பட்டியலோடுதான் கடைசிச் சுற்று வரை ஆட வேண்டும். ஆகவே டெக்கைத் தேற்றும் வேலை முழுவதும் வீட்டிலேயே முடிந்தாக வேண்டும்.

ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்துகொண்டு போட்டிக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருபவருக்கும், கல்லூரி விட்டு சூளூர்பேட்டை ரயிலில் திரும்புபவருக்கும் சிக்கல் ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஆள் கிடைப்பது அரிது. கார்டு வாங்கச் செலவும் ஆகும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே நல்ல டெக் கட்ட முடியும். புதிய கார்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டே போவதால் டெக் தேறாது. எதை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்தவரின் டெக்தான் தேறும்.

முதல் வேலை, தேறிய பட்டியல் ஒன்றைப் பிடிப்பது. 60 கார்டையும் சொந்தமாக யோசித்துக் கட்டும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். பெரிய போட்டிகளில் முன்னணியில் வந்தவர்களின் பட்டியல்கள் லிமிட்லெஸ் போன்ற தளங்களில் முழுதாகக் கிடைக்கின்றன. உங்களுக்குப் பிடித்த போக்கிமான் உள்ள பட்டியல் ஒன்றை எடுங்கள். கார்டின் அடியில் அச்சாகியிருக்கும் சிறு எழுத்தைப் பாருங்கள். போட்டிகளில் வழக்கமாக ஆடும் ஸ்டாண்டர்டு முறையில் எந்தெந்த எழுத்துகள் செல்லும் என்பது ஆண்டுக்கொரு முறை மாறும். பழைய எழுத்துள்ள கார்டாக இருந்தாலும், அதே பெயரில் புதிய அச்சு வந்திருந்தால் பயன்படுத்தலாம்.

உடனே பணம் போடாதீர்கள். 2023இல் வெளியான போக்கிமான் டிசிஜி லைவ் செயலியில் காசு கொடுக்காமலே பழகலாம். பட்டியலை அப்படியே உள்ளே ஏற்றவும் முடியும். 2024இல் வந்த போக்கெட் செயலி வேறு ஆட்டம்; அதில் டெக்கே 20 கார்டுதான், பரிசுக் கார்டும் கிடையாது. போட்டிக்கான பயிற்சி அதில் நடக்காது. கையில் பிடித்து ஆட வேண்டுமென்றால் கார்டின் பெயரையும் வேலையையும் காகிதத்தில் எழுதி, பழைய கார்டின் முன் செருகி உறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பயிற்சிக்கு இது போதும், போட்டி மேசையில் செல்லாது. கடைகளில் தொங்கும் தங்க நிற அட்டைகளும் அங்கே செல்லாது, அவை போலி. பட்டியல் முடிவான பிறகு தேவையான கார்டுகளைத் தனித்தனியாக வாங்குங்கள். பாக்கெட் பிரித்துப் பிரித்து டெக் கட்டுவது காசைக் கரைக்கும் வழி.

அடுத்தது கணக்கு. இங்கே கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள்.

ஆட்டம் 7 கார்டோடு தொடங்குகிறது. ஒரு கார்டை டெக்கில் நான்கு வைத்திருந்தால், அந்த முதல் ஏழில் ஒன்றாவது வர வாய்ப்பு சுமார் 40%. மூன்று என்றால் 32%, இரண்டு என்றால் 22%, ஒன்றே என்றால் 12%. ஆட்டம் நகர்ந்து டெக்கில் 15 கார்டு பார்த்துவிட்ட நிலையில் நான்கு வைத்த கார்டு கண்ணில் பட 69% வாய்ப்பு. இரண்டு வைத்தது 44%தான். முதல் இரண்டு திருப்பத்துக்குள் வந்தே ஆக வேண்டிய கார்டு எது, கடைசியில் வந்தால் போதும் என்கிற கார்டு எது என்று பிரிக்க இந்த எண்கள் உதவும். முதல் வகையில் நான்கு வையுங்கள். இரண்டாவது வகைக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

டிராகாபுல்ட் இஎக்ஸ் டெக்கை எடுத்துக்கொள்வோம். டிரீபி, டிராக்லோக், டிராகாபுல்ட் என மூன்று படி ஏற வேண்டும். ஏறிவிட்டால், ஒரு நெருப்பு எனர்ஜியும் ஒரு சைக்கிக் எனர்ஜியும் கொண்டு எதிரே நிற்பதற்கு 200 அடி. கூடவே பெஞ்சில் இருப்பவற்றின் மேல் 6 சேதக் காய்களை விருப்பம்போல் பிரித்துப் போடலாம். இதில் டெக்கை ஓட வைப்பது நடுப்படியில் இருக்கும் டிராக்லோக். அதன் எபிலிட்டி என்னும் தனித்திறனால் ஒவ்வொரு திருப்பத்திலும் டெக்கின் மேல் இரண்டு கார்டைப் பார்த்து ஒன்றைக் கையில் எடுக்கலாம். 15 கார்டு பார்த்த நிலையில், நான்கு டிராக்லோக்கை மட்டும் நம்பினால் 69%. அல்ட்ரா பாலும் நான்கு சேர்ந்தால், ரம்மி ஜோக்கரைப் போல அதுவும் தேவைப்படும்போது டிராக்லோக்காக மாறும். எட்டு கார்டில் ஒன்றாவது வர 92% வாய்ப்பு. ஆனால் அல்ட்ரா பால் கையிலிருந்து இரண்டு கார்டைத் தூக்கி எறியச் சொல்லும். அந்த விலையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

முதல் கையில் பேசிக் (முதல் படி) போக்கிமான் ஒன்றுகூட இல்லையென்றால், கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு தடவைக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். டெக்கில் பேசிக் 8 இருந்தால் இது 35% கைகளில் நடக்கும். 10 என்றால் 26%, 12 என்றால் 19%. எட்டு வைத்து ஆடுபவர்கள் அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறார்கள். நீங்களும் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

பரிசுக் கார்டுகளை மறக்க வேண்டாம். தொடக்கத்தில் ஆறு கார்டு கவிழ்த்து ஒதுக்கப்படுகிறது. ஒன்றே ஒன்று வைத்த கார்டு அந்த ஆறில் மாட்டிக்கொள்ள 10% வாய்ப்பு. இரண்டு வைத்தால் இரண்டுமே மாட்டுவது 1%கூட இல்லை. எந்தக் கார்டு இல்லாவிட்டால் உங்கள் ஆட்டமே நிற்குமோ அதை ஒற்றையாக வைக்காதீர்கள்.

எதிராளி இல்லாத ஊரில் தனியாகச் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. கலைத்து, ஏழு எடுத்து, ஆறு பரிசு ஒதுக்கி, உங்கள் முதல் மூன்று திருப்பங்களை மட்டும் ஆடிப் பாருங்கள். மூன்றாவது திருப்பத்தில் நினைத்த அடி அடிக்க முடிந்ததா என்று குறியுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தாலே பல கைகளைப் பார்த்துவிடலாம். முதலில் ஆடுபவர் தன் முதல் திருப்பத்தில் அடிக்கவும் முடியாது, சப்போர்ட்டர் வகைக் கார்டு போடவும் முடியாது. ஆகவே முதலில் ஆடுவதாகவும் இரண்டாவதாக ஆடுவதாகவும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பிறகு செயலியில் ஆள் எதிரே ஆடுங்கள், கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் டெக்கை விட முக்கியமானது இந்த நோட்டுதான். எதிராளியின் டெக் எது, யார் முதலில், ஆட்டம் முடிந்தபோது கையில் எந்தக் கார்டு தேங்கிக் கிடந்தது, இவற்றை எழுதுங்கள். தோற்ற ஆட்டத்துக்கு மட்டும் காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கை அடைத்துப் போயிருக்கும். அல்லது எதிர் டெக் நம் டெக்குக்கு இயல்பாகவே மேலாக இருக்கும். அல்லது நாம் தப்பாக ஆடியிருப்போம். மூன்றாவது காரணத்துக்காக ஒரு கார்டைக்கூட மாற்றக் கூடாது. அது பழகிச் சரியாக வேண்டியது. பெரும்பாலானவர்கள் தங்கள் தவறுக்குக் கார்டின் மேல் பழி போட்டுத்தான் நல்ல பட்டியலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கை அடைத்ததுதான் காரணம் என்றால் தேங்கிய கார்டுகளின் பெயரை எண்ணுங்கள். சப்போர்ட்டர் ஒரு திருப்பத்துக்கு ஒன்றுதான் போடலாம். கையில் மூன்று சப்போர்ட்டர் சேர்ந்தால் இரண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அதே போல, ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் மட்டும் அழகாக வேலை செய்யும் கார்டுகள் இருக்கும். நோட்டில் வெற்றிப் பக்கத்தில் மட்டும் அவற்றின் பெயர் வரும். அவற்றைத்தான் முதலில் டெக்கிலிருந்து எடுக்க வேண்டும்.

மாற்றும்போது ஒரு தடவைக்கு ஒரு கார்டு, அதிகம் போனால் இரண்டு. ஐந்து கார்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று கடைசி வரை தெரியாது. பத்து ஆட்டத்தில் ஏழு ஜெயித்ததும் புது கார்டு பலித்துவிட்டது என்று துள்ள வேண்டாம்: சரிபாதி வெற்றி வாய்ப்புள்ள டெக்கும் பத்தில் ஏழோ அதற்கு மேலோ ஜெயிக்க 17% வாய்ப்பு உண்டு. வெற்றி எண்ணிக்கையை விட, சேர்த்த கார்டு கையில் வந்தபோதெல்லாம் பயன்பட்டதா என்ற கேள்வி விரைவில் உண்மையைச் சொல்லும்.

அடித்தளம் உறுதியானபின் இரண்டு மூன்று இடங்களை மட்டும் எதிராளிகளுக்காக ஒதுக்குங்கள். களத்தில் என்ன டெக் அதிகம் என்று கணித்து ஆடுவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2024 ஹொனலூலு உலகப் போட்டியே சாட்சி. சிலி நாட்டின் ஃபெர்னாண்டோ சிஃபுவென்டஸ் அயர்ன் தார்ன்ஸ் இஎக்ஸ் டெக்கோடு மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். அந்தப் போக்கிமான் முன்னால் நிற்கும் வரை, எதிர்கால வகை நீங்கலாக, இஎக்ஸ் போன்ற பெரிய போக்கிமான்களின் எபிலிட்டிகள் வேலை செய்யாது. மற்றவர்களின் டெக்குகள் எபிலிட்டியை நம்பி ஓடியதால் அது பலித்தது. நம் பக்கத்துச் சிறிய போட்டிக்கு உலகப் போட்டியின் கணிப்பை அப்படியே கொண்டுவராதீர்கள். கையில் உள்ள கார்டை வைத்து ஆடுபவர்கள் நிறைய இருப்பார்கள். போன தடவை யார் என்ன ஆடினார்கள் என்று விசாரித்து எழுதி வையுங்கள்.

செயலியில் ஒரே கேம். பெரிய போட்டிச் சுற்றுகளோ 50 நிமிடத்தில் மூன்று கேம் வரை. உங்கள் டெக் மெதுவானதாக இருந்தால் நேரம் வைத்துப் பழகுங்கள். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1தான்.

பழவேற்காடு ஏரியின் ஈரக்காற்று அடிக்கும் ஊரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மினுமினுப்பு பூசிய கார்டு ஈரத்தில் வளையும். வளைந்த கார்டு இருக்கும் இடத்தில் டெக் தானாகப் பிரியும்; குறியிட்ட கார்டு என்று நடுவர் தண்டனை கொடுக்க இடமுண்டு. மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை டெக் பெட்டிக்குள் போடுங்கள். கார்டுகளை மூடிய பெட்டியில் அழுத்தமாக வையுங்கள். சாதாரண அச்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலையும் குறைவு. 60 உறையும் ஒரே பெட்டியிலிருந்து வந்த புது உறையாக இருக்கட்டும்.

போட்டி எங்கே, என்றைக்கு என்பதைப் போக்கிமானின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள நிகழ்வுத் தேடலில் பார்த்து உறுதி செய்துகொண்டு ரயில் ஏறுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பட்டியலைப் பூட்டிவிடுங்கள். அந்த வாரம் முழுவதும் அதே 60 கார்டோடு மட்டும் ஆடுங்கள். முந்தைய இரவு யாராவது புதிய பட்டியல் அனுப்பினால், போட்டி முடிந்து திரும்பிய பிறகு திறந்து பாருங்கள்.