வீட்டு சி.என்.சி. ரூட்டருக்கு எந்த சர்வோ மோட்டார்?

கம்ப்யூட்டரில் ஒரு பூ வேலைப்பாட்டை வரைந்து பிரிண்டரில் அச்சடிக்கிறீர்கள். அதே பூவை மரப் பலகையில் செதுக்கித் தரும் இயந்திரம்தான் சி.என்.சி. ரூட்டர். பிரிண்டரின் ஹெட் போல, வேகமாகச் சுழலும் ஒரு கட்டர் இதில் இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகர்கிறது. இந்த மூன்று திசைகளையும் எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் என்கிறோம். ஒவ்வொரு அச்சையும் ஒரு மோட்டார் நகர்த்துகிறது. கம்ப்யூட்டர் தரும் சிறு சிக்னலை மோட்டாருக்கு வேண்டிய மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். (ஹார்ட் டிஸ்க் டிரைவுடன் இதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.)

வீட்டிலேயே ரூட்டர் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் மோட்டாரைத்தான் வாங்குகிறார்கள். அதுவும் எத்தனை வாட் என்று மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். இது தவறு. மோட்டார் கடைசியாக முடிவு செய்ய வேண்டிய பொருள். ஏன் என்று பார்ப்போம்.

ஸ்டெப்பரா, சர்வோவா?

ஸ்டெப்பர் மோட்டார் விலை குறைவு. ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சிறு அடி எடுத்து வைக்கும். சாதாரண ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 அடிகள் வைக்கும். ஆனால் கட்டர் மரக்கணுவில் சிக்கி ஓர் அடி தவறினால் அது யாருக்கும் தெரியாது. ஐந்து மணி நேரம் செதுக்கிய பலகை கடைசி அரை மணியில் கோணலாகிவிடும்.

சர்வோ மோட்டாரின் பின்புறம் என்கோடர் என்ற சிறு கருவி இருக்கும். தண்டு இப்போது எங்கே நிற்கிறது என்று அது டிரைவுக்குச் சொல்லிக் கொண்டே இருக்கும். மோட்டார் பின்தங்கினால் டிரைவ் கூடுதல் மின்சாரம் தந்து இழுத்துக் கொண்டு வரும். முடியாவிட்டால் அலாரம் தந்து நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில், என்கோடர் பொருத்திய குளோஸ்டு லூப் ஸ்டெப்பரும் கிடைக்கிறது.

உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை?

ஒரு கணக்குப் போடுவோம். கட்டர் நிமிடத்திற்கு 18,000 முறை சுழல்கிறது. அதற்கு இரண்டு வெட்டு முனைகள். ஒவ்வொரு முனையும் 0.1 மி.மீ. மரத்தைச் சீவ வேண்டும். அப்படியானால் வேகம் 18,000 x 2 x 0.1 = நிமிடத்திற்கு 3,600 மி.மீ. வெட்டாமல் காலியாக நகரும்போது 10,000 மி.மீ. இருந்தால் வீட்டு உபயோகத்திற்குத் தாராளம்.

ஸ்க்ரூவைப் பாருங்கள்

மோட்டாரின் சுழற்சியை நேர்க்கோட்டு நகர்வாக மாற்றுவது பால் ஸ்க்ரூ. கடைகளில் 1605 என்று கேட்டால் 16 மி.மீ. விட்டமும், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வும் உள்ள ஸ்க்ரூ தருவார்கள். 3,000 ஆர்.பி.எம். சர்வோவை இதில் பொருத்தினால் 15,000 மி.மீ. வேகம் கிடைக்கும் என்று காகிதத்தில் கணக்கு வரும். ஆனால் தாங்கு பேரிங்குகளுக்கு இடையே 1 மீட்டர் நீளம் உள்ள இந்த ஸ்க்ரூவை சுமார் 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் சுழற்றினால் அது ஸ்கிப்பிங் கயிறு போல வளைந்து அதிரத் தொடங்கும். மோட்டாருக்குக் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகம் வீண்.

இதற்குப் பதில் ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகரும் 1610 ஸ்க்ரூவைப் போட்டால் 1,000 ஆர்.பி.எம்.மிலேயே 10,000 மி.மீ. கிடைத்துவிடும். ஸ்க்ரூவும் அதிராது.

டார்க் கணக்கு

இனி மோட்டாருக்கு வருவோம். நகரும் பாகம் 20 கிலோ என்று வைத்துக் கொள்வோம். வெட்டும் விசை, உராய்வு, வேகமெடுக்கும் விசை எல்லாம் சேர்த்து 200 நியூட்டன் எனக் கொள்ளலாம். இதை ஸ்க்ரூவின் நகர்வால் (0.01 மீட்டர்) பெருக்கி 6.28 ஆல் வகுக்க வேண்டும். ஸ்க்ரூவின் திறன் 90 சதவீதம் என்பதால் விடையை 0.9 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 0.35 நியூட்டன் மீட்டர். ஸ்க்ரூவும் மோட்டார் தண்டும் தாமே வேகமெடுக்க இன்னொரு 0.09 தேவை. மொத்தம் 0.44.

200 வாட், 3,000 ஆர்.பி.எம். சர்வோ 0.64 நியூட்டன் மீட்டர் டார்க்கைத் தொடர்ந்து தரும். சில நொடிகளுக்கு இதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கும் தரக்கூடியது. எனவே இந்த இயந்திரத்திற்கு 200 வாட் போதும். 750 வாட் வாங்கினால் பணமும் போகும், நகரும் பாகத்தின் எடையும் கூடும்.

கம்ப்யூட்டரால் முடியுமா?

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2,500 கோடுகள் உள்ள என்கோடர் ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை தரும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு பல்ஸ் என்றால் 1,000 ஆர்.பி.எம்.முக்கு கம்ப்யூட்டர் நொடிக்கு 1,66,000க்கும் அதிகமான பல்ஸ்களை அனுப்ப வேண்டும். மாக்3 புரோகிராம் பாரலல் போர்ட் வழியாக நொடிக்கு 25,000 முதல் 1,00,000 வரைதான் அனுப்பும். அந்தப் போர்ட்டுக்கான அதன் டிரைவர் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் இயங்காது. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பாரலல் போர்ட்டே இல்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, டிரைவில் உள்ள எலெக்ட்ரானிக் கியர் என்ற அமைப்பில் ஒரு சுற்றுக்கு 2,000 பல்ஸ் என மாற்றுவது. அப்போது ஒரு பல்ஸுக்கு 0.005 மி.மீ. நகரும். மர வேலைக்கு இது மிக நுட்பமானது. நொடிக்கு 33,000 பல்ஸ்களுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். இரண்டாவது வழி, யு.எஸ்.பி. அல்லது ஈதர்நெட் மூலம் இணையும் தனி மோஷன் கண்ட்ரோலர் கார்டு வாங்குவது. பல்ஸ் தரும் வேலையை அது ஏற்றுக்கொள்ளும்.

பாதுகாப்பு முக்கியம்

* மோட்டார் பின்தங்கியது டிரைவுக்குத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு டிரைவின் அலாரம் ஒயரையும் கண்ட்ரோலரின் எமர்ஜென்சி ஸ்டாப் இணைப்பில் சேருங்கள். சேர்க்காவிட்டால் ஒரு மோட்டார் நின்ற பிறகும் மற்றவை வெட்டிக் கொண்டே போகும். சர்வோ வாங்கிய பயனே போய்விடும்.

* இசட் அச்சுக்கு பிரேக் உள்ள மோட்டார் வாங்குங்கள். மின்சாரம் போனால் கட்டர் தானாகக் கீழே இறங்கி பலகையிலோ கையிலோ பாயக்கூடும்.

* மோட்டார் வேகம் குறையும்போது மின்சாரத்தை டிரைவுக்கே திருப்பி அனுப்பும். இதைத் தாங்க பிரேக் ரெசிஸ்டர் வேண்டுமா என்று டிரைவின் கையேட்டில் பாருங்கள்.

* 230 வோல்ட் டிரைவை ஆப் செய்த உடனே தொடாதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். எர்த் இணைப்பு கட்டாயம்.

* முதல் முறை இயக்கும்போது மோட்டாரை ஸ்க்ரூவுடன் இணைக்காமல், மேஜையில் இறுகப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். எதிர்த் திசையில் சுற்றினாலும், கட்டுக்கடங்காமல் ஓடினாலும் சேதம் இருக்காது.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இவற்றை வரிசையாக எழுதிக் கொள்ளுங்கள்: தேவையான வேகம், ஸ்க்ரூவின் அளவும் நீளமும், நகரும் எடை, டார்க், கம்ப்யூட்டர் தரக்கூடிய பல்ஸ். இந்த ஐந்தும் தெரிந்தால் ஆறாவதாக மோட்டாரின் வாட் தானே வந்துவிடும். 4,000 மி.மீ. வேகமே போதும் என்று தாள் சொன்னால் தயங்காமல் குளோஸ்டு லூப் ஸ்டெப்பரை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஸ்க்ரூவும் பேரிங்கும் வாங்கலாம். உங்கள் பூ வேலைப்பாட்டின் நேர்த்தி அவற்றைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.