வெடித்த எஞ்சின் பிளாக்: ஒட்டலாமா, மாற்றலாமா?

கேள்வி: குளச்சலில் விசைப்படகு வைத்திருக்கிறேன். டீசல் எஞ்சின் பிளாக்கின் பக்கச் சுவர் வெடித்துத் தண்ணீர் கசிகிறது. வெல்டிங் வைத்தால் நிற்குமா?

பதில்: நிற்கும். ஆனால் வெடிப்பு விழுந்த இடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தண்ணீர் ஓடும் வெளிச்சுவர் என்றால் துணிந்து வைக்கலாம். சிலிண்டரிலோ மெயின் பேரிங் உட்காரும் இடத்திலோ என்றால் பிளாக்கை மாற்றுவதே சரி. பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது; அதில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை உண்டு. சாதாரண இரும்புத் தகட்டில் 0.3 சதவீதம்கூட இராது. அதனால் வெல்டிங் சட்டென்று ஆறும்போது அதன் ஓரம் கண்ணாடிபோல் இறுகிவிடும். வார்ப்பிரும்பு இழுபடாது என்பதால் பக்கத்திலேயே புது வெடிப்பு ஓடும். இதைத் தவிர்க்க, துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளை போட்டு, நீளவாக்கில் குடைந்து, நிக்கல் ராடால் ஓர் அங்குலம் வைத்ததும் நிறுத்த வேண்டும். சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் அளவுக்குத் தானாக ஆறிய பிறகே அடுத்த அங்குலம்.

"சாதாரண ராடு மலிவாச்சே" என்பார்கள். அதுவும் பிடிக்கும்; ஆனால் எஞ்சின் சூடேறி ஆறும்போது ஓரத்தில் விட்டுவிடும். முழு பிளாக்கையும் சூடாக்கி வைப்பது நல்ல முறைதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் சிலிண்டர் கோணிவிடும். எப்படி வைத்தாலும், அழுத்தச் சோதனை செய்யாமல் எஞ்சினைப் படகில் ஏற்றாதீர்கள்.