மினியைப் பந்தயத்துக்குக் கட்டும் தம்பிமாருக்கு

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கராஜ்களில் தொழில் பழகும் பிள்ளைகள் என்னைக் கண்டால் மஸ்டாங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பெரிய எஞ்சின், நீண்ட மூக்கு, அந்தச் சத்தம். ஆசைப்படுவதில் பிழையில்லை. 1964 ஏப்ரலில் ஃபோர்ட் மஸ்டாங்கை வெளியிட்டது. 1966இல் அமெரிக்காவில் டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடர் தொடங்கியது. எஞ்சின் ஐந்து லீற்றரைத் தாண்டக்கூடாது என்ற அதன் விதிக்காகவே ஷெவ்ரலே நிறுவனம் கமாரோ இசட்/28ஐச் செய்தது. அந்தக் கார்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து இன்றைக்கும் பந்தயத்தில் ஓட்டுகிறார்கள். நமக்கு அப்படி ஒரு பொடி கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அதன் ஒரு ஹெட் கெஸ்கட்டுக்குக் கடல் தாண்டிக் காத்திருக்க வேண்டும். இந்த நாட்டின் பந்தயங்களில் தலைமுறை தலைமுறையாக ஓடிவரும் பழைய கார் மினி. கட்டுவதென்றால் அதைக் கட்டுங்கள். இந்தத் தொழிலில் வயது போன ஒருவன் சொல்வதைக் கேளுங்கள்.

1. சின்னக் கார் என்று மினியைக் குறைவாக நினைக்காதீர்கள். அலெக் இசிகோனிஸ் வரைந்த இந்தக் கார் 1959 ஆகஸ்ட்டில் வந்தபோது 848 சிசி எஞ்சினும் 34 குதிரைவலுவும்தான் அதற்கு இருந்தன. பிரித்தானிய சலூன் கார்ப் பந்தயப் பட்டம் 1961இலும் 1962இலும் மினி ஓட்டியவர்களுக்கே போனது. அடுத்த வருடம் ஏழு லீற்றர் ஃபோர்ட் கலக்ஸி அந்தப் பாதைகளுக்கு வந்தது. நேர்ப்பாதையில் கலக்ஸி பறந்துவிடும். வளைவு வந்ததும் மினி அதன் வாலில் போய் நிற்கும். மொண்டே கார்லோ ரலியை 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்களில் மினி வென்றது. சுமார் 600 கிலோ எடை, நான்கு மூலையிலும் பத்து அங்குலச் சக்கரம், குறுக்கே வைத்த எஞ்சின். மலைநாட்டு வளைவுகளுக்கு அதுவே போதும்.

2. ஸ்பெனரை எடுக்கும் முன் விதிகளைப் படியுங்கள். நம் நாட்டுப் பந்தயங்களில் மினி 7 என்று தனிப் பிரிவு வைப்பார்கள். நீங்கள் ஓடப்போகும் போட்டியின் ஏற்பாட்டாளரிடம் அந்த வருடத்து விதிகளை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சிசி, என்ன காபரேட்டர், என்ன டயர், கண்ணாடியைக் கழற்றலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டுப் பழைய கார்ப் பந்தயங்களுக்கு உலக மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் பின்னிணைப்பு கே என்ற விதிநூல் உண்டு. கார் தன் காலத்தில் எப்படி ஓடியதோ அப்படியே இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அந்த எண்ணத்தோடு கட்டினால் கார் எந்தப் பிரிவுக்கும் நெருக்கமாக இருக்கும். கண்டதையெல்லாம் பூட்டினால் பந்தயத்துக்கு முந்திய பரிசோதனையிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

3. சல்லி விஷயத்தை முதலிலேயே வீட்டில் பேசி முடியுங்கள். வட்டிக்கு எடுத்துப் பந்தயக் கார் கட்டவே கூடாது. வாப்பாவின் வயல் போகத்துக் காசிலும் கை வைக்காதீர்கள். கையில் வரும் அளவுக்கு வேலை செய்யுங்கள். இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

4. பொடியைப் பார்த்து வாங்குவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. நாம் கடற்கரை ஊர்க்காரர். உப்புக்காற்று இரும்பை உள்ளிருந்து தின்னும். மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தகட்டுப் பொடியேதான் எலும்பு. முன்னும் பின்னும் இரண்டு சப்ஃப்ரேம்கள் அந்தத் தகட்டில் தொங்குகின்றன. கதவுக்குக் கீழே ஓடும் சில் கறள் பிடித்துப்போனால் கார் நடுவில் மடியும். மினி எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் உளுத்துப்போவது பின் சப்ஃப்ரேம். கடலோரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். வாங்கப் போகும்போது ஒரு காந்தமும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துப்போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். சில்லின் அடியிலும், பின் சப்ஃப்ரேம் பொடியைத் தொடும் இடத்திலும், முன் கண்ணாடிக்குக் கீழேயும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கார்பெற்றைத் தூக்கித் தரையைப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நம் கரையில் தண்ணீருக்குள் கிடந்த வாகனங்கள் பிறகு கழுவி, பெயின்ட் அடித்துக் கைமாறின. இருபது வருடம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பெட்டித் தகடுகளுக்குள் போன உப்பு அங்கேயேதான் இருக்கும். கதவுத் தட்டியைக் கழற்றிக் கீழ் மடிப்பில் விரலை விட்டுப் பாருங்கள். மெல்லிய கடல் மண் வந்தால் அந்தக் காரை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு பொருந்தவேண்டும். ஸ்ரீ இலக்கத்தகடு இருக்கிறது என்பதற்காக மட்டும் விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியாருக்கு மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை கண்டபடி ஏறியது. அந்த விலையை இன்றும் சொல்பவர்கள் உண்டு. பொறுத்திருங்கள், அடுத்த கார் வரும்.

5. மாரி காலத்து ஈரத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள். கச்சான் காற்றில் கதவு திறந்த கராஜிலும் அடிக்காதீர்கள், முழுக்கத் தூசியாகும். பெட்டித் தகடுகளுக்குள் மெழுகெண்ணெய் ஊற்ற மறக்கவேண்டாம். நோன்பு நாளில் பகல் வெயிலில் வெல்டிங் வேண்டாம், தராவீஹுக்குப் பிறகு எடுங்கள்.

6. பிரேக்கை எஞ்சினுக்கு முன் செய்து முடியுங்கள். இதில் யாருடைய பேச்சுக்கும் இணங்காதீர்கள். ஆரம்ப மினிகளுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம்தான். மலைப்பாதையில் சூடேறினால் பெடல் கால் அடியில் போய்விடும். விதி அனுமதித்தால் முன்னுக்கு டிஸ்க் போடுங்கள். மினியின் கூப்பர் எஸ் வகையில் வந்த ஏழரை அங்குல டிஸ்க் பத்து அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும். பழைய ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரில் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் பெடலுக்குப் பிரேக்கே இருக்காது. இரட்டைச் சுற்றுக்கு மாற்ற விதியில் இடமிருந்தால் அதைச் செய்யாமல் ஓடாதீர்கள். இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் எதிலும் பழையது இருக்கக்கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையில் அது இன்னும் மோசம், ஆகவே ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் மாற்றுங்கள்.

7. கூண்டும் பெல்ட்டும் உயிருக்கு. கூண்டுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டாம். எஃப்.ஐ.ஏ.யின் பின்னிணைப்பு ஜே, பொருத்தில்லாத குளிர்முறைக் குழாயைச் சொல்கிறது: பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 தடிப்பும், அல்லது 50க்கு 2. பாதம் பொடியில் இறங்கும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பான தகடு, 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பு. குழாயை நேராகத் தரைத் தகட்டில் வைத்து வெல்டிங் செய்தால் விபத்தில் அது தரையைக் குத்திக்கொண்டு இறங்கும். வெல்டிங்கை ஊரில் நல்ல கை உள்ளவரிடம் கொடுங்கள், உறவுக்காரர் என்று கொடுக்காதீர்கள். பெல்ட்டிலும் ஹெல்மெட்டிலும் முத்திரையையும் திகதியையும் பாருங்கள். பெல்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருடம். பழைய கார் என்பதற்காகப் பழைய பெல்ட் போடக்கூடாது.

8. சம்மாந்துறை, நிந்தவூர் பக்கத்து லேத்காரர்களை மதியுங்கள். ஆலைகளையும் உழவு இயந்திரங்களையும் பல காலமாக ஓடவைத்தவர்கள் அவர்கள். சிலிண்டர் போர் அடிப்பது, ஹெட் சீவுவது, வால்வு சீட் அழுத்துவது எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. என்ன அளவு வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இப்போதைய பெற்றோலில் ஈயம் கிடையாது, அதனால் எக்ஸோஸ்ட் பக்கத்துக்குக் கடின சீட் போடச் சொல்லுங்கள்.

9. இப்போது எஞ்சினுக்கு வரலாம். 1275 கூப்பர் எஸ் ஆலையிலிருந்து வரும்போது 76 குதிரைவலு. முதல் கட்டுக்கு அதைத் தாண்டி ஆசைப்படவேண்டாம். மினியில் எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன, அளவு ஐந்து லீற்றரும் இல்லை. கியர் தேயும் இரும்புத்தூள் நேராகப் பெயாரிங்குக்குப் போகும். காந்தம் வைத்த சம்ப் பிளக் போடுங்கள், ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் எண்ணெயை இறக்கி அந்தக் காந்தத்தைப் பாருங்கள். வேகமாக வளைக்கும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். குழாயின் வாயை நடுவுக்குக் கொண்டுவந்தால் அது தீரும்.

12ஜி940 ஹெட் கிடைத்ததும் அதை 998 எஞ்சினில் தூக்கி வைக்கப் பலர் ஆசைப்படுவார்கள். பிளொக்கில் வால்வுக்கு இடம் வெட்டாமல் வைத்தால் எக்ஸோஸ்ட் வால்வு பிளொக்கில் மோதும். 998க்கு 12ஜி295 போதும்.

ரேடியேற்றர் பக்கவாட்டில் இருப்பதால் சூட்டுக்காற்று சக்கர அறைக்குள்தான் போகிறது. நம் ஊர் வெப்பத்துக்கு மையப்பகுதி முழுக்கப் புதிதாக்கவேண்டும். டிஸ்ரிபியூட்டர் முன் கிரில்லுக்குப் பின்னாலேயே நிற்கிறது. மழையில் நனைந்தால் கார் நின்றுவிடும். ரப்பர் கையுறையின் விரல்களை வெட்டி வயர்களை அதனூடாக விட்டு மூடினால் மலை மழையிலும் ஓடும்.

10. கல்முனையில் டியூன் செய்த காபரேட்டரை நம்பி நுவரெலியாவுக்குப் போகாதீர்கள். இங்கே நாம் கடல் மட்டத்தில் நிற்கிறோம். 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் நடப்பது 1800 மீற்றருக்கும் மேலே. அங்கே காற்று மெலிவு, பெற்றோல் கூடி எஞ்சின் கறுப்பாகப் புகைக்கும், வலுவும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். எஸ்யூ காபரேட்டர் தானாக ஓரளவு சமாளிக்கும், மீதியை நீங்கள்தான் ஜெட் நட்டைத் திருப்பிச் சரிசெய்யவேண்டும். ஒரு நாள் முந்திப் போய் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். கறுப்பென்றால் மெலிதாக்குங்கள், இளம் பழுப்பு வரும்வரை. களுத்துறைப் பக்கத்துக் கட்டுகுருந்தப் பந்தயப் பாதை பழைய யுத்தகால விமானத்தளம், தட்டையான தார்ப்பாதை. அங்கே இந்தப் பிரச்சினை இல்லை, வெப்பம்தான் எதிரி. ஒவ்வொரு பாதைக்கும் என்ன மாற்றினீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதிவைத்தால் அடுத்த வருடம் பாதி நாள் மிச்சம்.

11. ஓட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மினி முன் சக்கரங்களால் இழுபடும் கார். வளைவுக்குள் வேகம் கூடிவிட்டதென்று பயந்து எக்ஸிலேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் மூக்கு உள்ளே பாயும், வால் வெளியே வரும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, உள்ளே காலை நிதானமாக வைத்திருங்கள்.

12. கடைசியாகச் சொல்வதை மனதில் இறுத்திக்கொள்ளுங்கள். காரைக் கட்டி முடித்த இரவே ஏ4 வீதியில் பொத்துவில் பக்கம் ஓட்டிப் பார்க்க உள்ளம் துடிக்கும். ஓட்டாதீர்கள். அந்த வீதியில் பிள்ளைகள் மத்ரஸாவுக்குப் போகிறார்கள், மாடுகள் குறுக்கே படுக்கின்றன. மூடிய பாதையில், அனுமதியோடு மட்டும் சோதியுங்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் சின்னப் பிள்ளையும் இருந்தது. உங்களோடு வரும் தம்பியும் மச்சானும் வளைவின் வெளிப்பக்கம் நிற்கக்கூடாது. தடுப்புக்குப் பின்னால், மேட்டில் நிற்கச் சொல்லுங்கள். கேட்காதவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். முதல் பந்தயத்தில் கப் எதையும் எதிர்பார்க்கவேண்டாம். காரை முழுதாக லொறியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினால் அது நல்ல பந்தயம்.

ஊர்க்காரரிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரை எத்தனையோ வீடுகளின் பின் கொட்டிலில் மினியின் கதவு, சப்ஃப்ரேம், கியர்பொக்ஸ் என்று கிடக்கின்றன. பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கும் முன், பக்கத்துக் கராஜில் தொழில் பழகும் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டுங்கள்.