தடையா, உரிமமா, நாரா: கஞ்சாச் சட்டத்தில் எதைத் தேர்வது?

கஞ்சாவுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று பேச்சு வந்தால் கனடாவையும் கொலராடோவையும் இழுப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜவ்வாது மலை அடிவாரத்துச் சந்தவாசலே ஒரு காலத்தில் கஞ்சாவுக்குப் பேர்போன ஊர். 1893-94இல் ஆங்கிலேய அரசு அமைத்த ஆணையம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டுவிட்டு, தடை தேவையில்லை, கட்டுப்படுத்தி வரி விதித்தால் போதும் என்றது. சென்னை மாகாணத்தில் சாகுபடியைச் சில இடங்களுக்குள் ஒடுக்கினார்கள். உரிமம் பெற்றுப் பயிரிட வேண்டும், அறுவடையை அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் சேர்க்க வேண்டும். அப்படியொரு கிடங்கு சந்தவாசலில் இருந்தது.

முதலாவதான இந்த உரிம வழியில் பயிரிட்டவர் குற்றவாளி ஆகவில்லை. ஆனால் போதையில் வரும் வருமானத்தை அரசு ஒருமுறை ருசித்துவிட்டால் விடாது. டாஸ்மாக்கைப் பார்த்த பிறகும் இன்னொரு கடையைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, இப்போதுள்ள 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம். இது ஒன்றியச் சட்டம். தண்டனை அளவு எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றே. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவானால் 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு': 10 முதல் 20 ஆண்டு, ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. செடி வளர்த்தாலும் பத்தாண்டு வரை. ஒரு கிலோவுக்குள் வைத்திருந்தால் தப்பில்லை என்று இளைஞர்கள் நம்புவது பெரிய ஆபத்து. அது தண்டனையைக் குறைக்கும் எல்லை, அனுமதி அல்ல. வடமாநிலங்களில் சிலவற்றில் கஞ்சா இலையில் செய்யும் பாங் விற்கும் கடை இருப்பதற்குக் காரணம், பூங்கொத்து சேராத இலையை இச்சட்டம் கஞ்சா என்று கணக்கிடாததுதான்.

வீட்டுப் பிள்ளை சிறிய அளவோடு பிடிபட்டால், இச்சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ முழுச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் நிறுத்தினால் விலக்கு பறிபோகலாம். மானத்துக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கதவு தெரிவதே இல்லை. வெளிநாட்டில் உறவினர் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: கனடாவில் பெரியவர்கள் 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம், சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை வரை போகும்.

மூன்றாவது, நாருக்கும் விதைக்கும் மட்டும் செடி வளர்ப்பது. அதே 1985 சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. உத்தராகண்ட் 2018இல் இதைத் தொடங்கியது. போதை தரும் வேதிப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. தமிழகம் மாற நினைத்தால் நான் கைகாட்டுவது இதைத்தான். ஆனால் விதை, பரிசோதனைக் கூடம், வாங்கும் ஆலை மூன்றும் உறுதியாகாமல் ஜவ்வாது மலை விவசாயி சாமை நிலத்தை இதற்கு மாற்றக் கூடாது. 0.3ஐத் தாண்டிய பயிருக்கு நட்டத்தையும் வழக்கையும் யார் சுமப்பது என்பதை அரசாணையிலேயே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.