கற்றையைத் திருப்ப எந்த சுவிட்ச்?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் டேட்டா வேண்டும். 2022-இல் ஏலம் போன 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த அலை மலையை ஊடுருவாது. குறுக்கே ஓர் ஆள் நின்றாலே தடுமாறும். ஆகவே கூரான கற்றையாக்கி, வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும். ஆன்டெனா அசையாது, உள்ளே சுவிட்சுகள்தான் திருப்புகின்றன. எந்த சுவிட்ச் என்பதை புராஜெக்ட் தொடங்கும் மாணவர்கள் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

8×8 வரிசையை எடுத்துக்கொள்வோம். அரை அலைநீள இடைவெளி 5.8 மில்லிமீட்டர், 64 ஆன்டெனாவும் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிட் கட்டமாற்றி (phase shifter), அதற்கு 12 சுவிட்ச், மொத்தம் 768. பின் (PIN) டயோடு என்றால் எந்நேரமும் பாதி எரிந்தபடி இருக்கும். ஒன்றுக்கு 10 மில்லிஆம்பியர் வைத்தாலும் சும்மா நிற்கவே 3.84 ஆம்பியர்! நுண்ணியந்திர சுவிட்ச், அதாவது மெம்ஸ், நிலைமின் விசையில் தங்கத் தகட்டை இழுத்துப் பிடிக்கிறது. பிடித்து வைக்க ஏறக்குறைய மின்னோட்டமே வேண்டாம். இழப்பிலும் அதுவே மேல். அலை கடக்கும் ஆறு சுவிட்சுகளிலும் 0.2 டெசிபெல் வீதம் போனால் முக்கால் பங்கு திறன் மிஞ்சும். டயோடில் 0.7 என்றால் ஐந்தில் இரண்டு பங்குகூடத் தேறாது.

இதைப் பார்த்து மெம்ஸுக்குத் தாவிவிடாதீர்கள். தகடு அசைய பல மைக்ரோவினாடி ஆகும். 26 கிகாஹெர்ட்ஸ் 5ஜி-யில் வழக்கமான 120 கிலோஹெர்ட்ஸ் அமைப்பில் ஒரு குறியீட்டின் நீளமே சுமார் 9 மைக்ரோவினாடி. இடையில் கிடைக்கும் காப்பு நேரம் 0.6. நடக்கும் கூட்டத்தைத் தொடர, டிரான்சிஸ்டரையே சுவிட்சாக வைத்த சிலிக்கான் சில்லுதான் சரி. இழப்பை அதே சில்லில் உள்ள பெருக்கி ஈடுகட்டும். மலையைச் சுற்றி மாடிக்கு மாடி நிற்கும் நிலையான இணைப்புக்கு மெம்ஸ் எடுங்கள். அங்கே கற்றை எப்போதாவதுதான் திரும்பும்.

மெம்ஸிலும் இரண்டு வகை. உலோகம் உலோகத்தைத் தொடும் வகையில் தொடுமுனை தேயும். மின்தேக்கி வகையில் மின்காப்புப் படலத்தில் மின்னூட்டம் தங்கி, தகடு ஒட்டிக்கொள்ளும். 26 கிகாஹெர்ட்ஸுக்கு நான் சொல்வது மின்தேக்கி வகை. தயாரிக்கும்போது தகட்டின் அடியை அரித்துக் கழுவியபின் வெறுமனே உலர விடாதீர்கள். நீரின் பரப்பு இழுவிசையே தகட்டைக் கீழே ஒட்டிவிடும். கார்பன் டைஆக்சைடு கொண்டு மாறுநிலைப் புள்ளியில் உலர்த்துங்கள். ஈரம் புகாத உறையும் கட்டாயம்.

மெம்ஸ் செய்யத் தேவையான தூய அறை நம் கல்லூரிகளில் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐஐடியும் ஐஎன்யூபி எனும் நானோ மின்னணுவியல் பயனர் திட்டத்தில் வெளி மாணவர்களுக்கு இடம் தந்திருக்கின்றன. விண்ணப்பத்தின் முதல் வரியில், உங்கள் கற்றை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள்.