தலைமையும் ஒரு கல்வியே

நேற்றுவரை வகுப்பில் பாடம் நடத்திய ஆசிரியர் இன்று தலைமையாசிரியராகப் பொறுப்பேற்கிறார். கணக்கேடு, கட்டடப் பழுது, பெற்றோர் முறையீடு, சக ஆசிரியரின் மனக்குறை யாவும் ஒரே காலையில் அவர் மேசைக்கு வருகின்றன. நல்லாசிரியராக விளங்கியது மட்டும் இதற்குப் போதுமா? போதாது என்பதை நம் நாடு முன்பே உணர்ந்தது.

கல்வி நிர்வாகிகளுக்கென 1979இல் தொடங்கப்பெற்ற பயிற்சி நிலையம், 1965இல் மறைந்த கல்வியாளர் அமினுடின் பாக்கியின் பெயரைப் பின்னர்த் தாங்கியது. பள்ளித் தலைவர்களுக்கான தேசியத் தகுதிப் பயிற்சி 1999இல் அங்குத் தொடங்கிற்று. 2013இல் வெளியான மலேசியக் கல்விப் பெருந்திட்டமும் பள்ளிதோறும் திறமிக்க தலைவர் வேண்டுமென வலியுறுத்தியது.

இத்தகைய பயிற்சியின் பயன் சான்றிதழன்று. கேட்கும் கேள்வி மாறுவதே. "இம்மாணவன் ஏன் வாசிக்கவில்லை?" என்று கேட்டவர், "எத்தனை பேர் வாசிக்கத் தடுமாறுகின்றனர்? அவர்தம் ஆசிரியருக்கு நாம் என்ன துணை செய்தோம்?" எனக் கேட்கத் தொடங்குகிறார்.

தோட்டங்கள் சூழ்ந்திருந்த நம் கெலாங் பாத்தாவில் இன்று வீடமைப்புகள் பெருகியுள்ளன. சிங்கப்பூருக்கான இரண்டாம் பாலம் 1998இல் திறக்கப்பட்டபின், அங்கு வேலை செய்யும் பெற்றோர் பலர் விடியுமுன் புறப்படுகின்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு அவர்கள் வரவில்லையெனக் குறைகூறுதல் எளிது. அவர்கள் வரக்கூடிய வேளையில் கூட்டத்தை வைத்தலே தலைமைப் பண்பு.

ஆதலின், புதிய தலைமையாசிரியர் பயிற்சிக்குச் செல்லும் நாள்களைப் பள்ளிக்கு இழப்பென நாம் கருதலாகாது. அந்நாள்களில் அவர் சுமையைப் பகிர்ந்துகொள்வது நம் கடமை. அவர் கற்று வருவது நம் மாணவச் செல்வங்களுக்கே.