சின்ன கேபினெட் வாங்குமுன் ஸ்கேலை எடுங்கள்

கம்ப்யூட்டருக்குச் சின்ன கேபினெட் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எத்தனை லிட்டர்?’ என்றுதான். கூலர் மாஸ்டர் என்ஆர்200-ஐ எடுத்துக்கொள்வோம். பெட்டி 360 × 185 × 274 மி.மீ.; பெருக்கினால் 18.25 லிட்டர். கால்களையும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவற்றையும் சேர்த்தால் 376 × 185 × 292; அதே பெட்டி 20 லிட்டரைத் தாண்டிவிடும். மேசையில் இடம் ஒதுக்க இரண்டாவது கணக்குதான் உதவும்.

மதர்போர்டில் குழப்பமில்லை. மினி ஐடிஎக்ஸ் என்றால் 17 செ.மீ. சதுரம், அவ்வளவுதான்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். பழைய கம்ப்யூட்டரில் இருப்பதைக் கழற்றி மாட்டலாம் என்ற நினைப்பே வேண்டாம். இந்த ரகப் பெட்டிகள் பெரும்பாலும் எஸ்எஃப்எக்ஸ் கேட்கும்: 125 × 63.5 × 100 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ்-எல் என்றால் நீளம் 130. கூடுதலான அந்த 30 மி.மீ., கேபிள் மடங்கவேண்டிய இடத்தைத்தான் தின்னும்.

பிறகு பிராசசர் கூலரின் உயரம். என்ஆர்200 இடம் தருவது 155 மி.மீ. வரை, நாக்டுவா என்எச்-யு12எஸ் கூலரின் உயரம் 158. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வேறொரு பெட்டியில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அழுத்தி மூடினேன். பக்கக் கதவு வயிறு புடைத்து நின்றது. மறுநாளே கூலரைத் திருப்பிக் கொடுத்தேன்.

நிதானம் வேண்டியது கிராபிக்ஸ் கார்டில். நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். இடிப்பது தடிமனும் உயரமும்தான். கார்டின் மேல்விளிம்பில் பவர் பிளக் ஏறும். புதிய 16 பின் பிளக்கில் கேபிள் 35 மி.மீ. அளவுக்காவது நேராக வந்த பிறகே வளைய வேண்டும்; ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் அகலம். கார்டின் மூன்று அளவுகளுக்கும் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, மேலே ஒரு தீப்பெட்டியையும் ஒட்டிக் கடைக்கு எடுத்துப்போங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பிரித்துவைத்த பெட்டிக்குள் அது இடிக்காமல் உட்கார்ந்தால் போதும்.

கார்டை மதர்போர்டின் முதுகுப்பக்கம் மாட்டும் வகையென்றால் நடுவில் ரைசர் கேபிள் வரும். அது பிசிஐஇ ஜென் 3-ஆ, ஜென் 4-ஆ என்று கேளுங்கள். ஜென் 3 ரைசரில் ஜென் 4 கார்டை மாட்டினால் திரை கறுத்தே கிடக்கலாம். பயாஸில் ஜென் 3 என்று மாற்றிவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காற்றுக்கு வழி எங்கே? கார்டின் ஃபேன்களுக்கு எதிரே துளையிட்ட தகடு இருக்க வேண்டும். அங்கே கண்ணாடி இருந்தால், ஏசி இல்லாத அறைக்கு நான் அதை வாங்கமாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கடைசியாக, கடையிலேயே ஒருமுறை பெட்டியைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவைக் கையால் இழுத்தால் வருகிறதா, எட்டு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டுமா? எட்டு என்றால், தூசி தட்டும் வேலை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போய்விடும்.